சீனி இல்லாத நாடும் சத்தம் இல்லாத நாடும்

எங்கள் வீட்டில் கணவன் மனைவிச் சண்டை என்று ஒன்று வந்தால் அது ஆப்பிரிக்காவைப் பற்றியதாகத்தான் இருக்கும். நோர்வேயில், அம்மருட் என்ற இடத்தில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தில் மற்றவர்கள் எதற்கெதற்கோ சண்டை பிடிக்கிறார்கள். நாங்கள் சாம்பியாவா பொட்ஸ்வானாவா என்று பிடிப்போம்.

எல்லாம் எங்கள் அப்பாமாரால் வந்தது. இருவரும் யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியார்கள். எண்பதுகளில் பலரைப் போல, குடும்பத்தோடு ஆப்பிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனார்கள். என் அப்பா சாம்பியாவின் லுசாக்காவுக்குப் போனார். என் கணவரின் அப்பா பக்கத்து நாடான பொட்ஸ்வானாவுக்கு, கபரோனே என்ற ஊருக்குப் போனார். "ரெண்டும் ஆப்பிரிக்காப் பிள்ளையள், நல்லா ஒத்துப்போகும்" என்று சொல்லித்தான் எங்களுக்குக் கலியாணம் பேசினார்கள். பேசியவர்கள் ஒரு தடவை எங்களை ஒரே அறையில் இருத்திக் கதைக்கவிட்டிருந்தால் சம்பந்தம் அன்றைக்கே முறிந்திருக்கும்.

"உங்கட நாட்டிலை சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையிலை நிண்டனீங்கள். எங்கட கடையிலை எல்லாம் கிடந்தது" என்பார் அவர். அது உண்மைதான். எண்ணெய் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார். ஆனால் நானும் விடமாட்டேன். "உங்கட ஊரிலை ஒரு சத்தம் உண்டோ? மாடும் புழுதியும்தானே? எங்களுக்கு மழை இருந்தது, மாமரம் இருந்தது, பக்கத்து வீட்டுச் சனம் எங்கட அடுப்படிக்குள்ளை இருந்தது" என்பேன். அவர் உடனே தார் போட்ட வீதிகளைப் பற்றித் தொடங்குவார். அவர் அந்த வீதிகளைத் தானே போட்டவர் மாதிரிக் கதைப்பதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மகளுக்கு அந்த வேலை வரும்வரை. அவள் இங்கே பிறந்தவள். நிலத்தடி நீர் பற்றிப் படித்து, அதிலேயே வேலை செய்கிறாள். அவளுடைய நிறுவனம் இரண்டு வருடத்துக்கு ஓர் ஆளை அனுப்ப இருந்தது. லுசாக்காவிலும் இடம் இருந்தது, கபரோனேயிலும் இருந்தது. எது வேண்டும் என்று அவளே சொல்லலாம்.

அதோடு எங்கள் வீடு தேர்தல் காலமாகிவிட்டது. அவர் அவளுக்குக் காலையில் கைபேசியில் கபரோனே வீதிகளைக் காட்டினால் நான் பின்னேரம் லுசாக்கா மாமரங்களைக் காட்டினேன். வெளிப்படையாகவே சொல்கிறேன், அவள் என் ஊருக்குத்தான் போகவேண்டும் என்று எனக்கு ஆசை. அதில் நியாயமும் இல்லை, தர்க்கமும் இல்லை.

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ. நீங்கள் சொல்லுறது எல்லாம் நாப்பது வருசப் பழசு. நான் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுறன்" என்றாள் மகள். இரண்டு நாடுகளையும் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை வந்து இறங்கினாள். திங்கட்கிழமை முடிவைச் சொல்லவேண்டும்.

ஞாயிறு மத்தியானம் புட்டும் மீன்குழம்பும். நாங்கள் இருவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பொட்ஸ்வானாவிலை ஒரு குறையும் இல்லை" என்று தொடங்கினாள். "நல்ல றோட்டு. கந்தோரிலை எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடக்குது. ஆக்கள் சரியான மரியாதை. விருந்தாளி மாதிரி வச்சிருந்தவை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமுடியாது.

"லுசாக்காவிலை கரண்ட் எப்ப வரும், எப்ப போகும் எண்டு ஆருக்கும் தெரியேல்லை. பாதி நாள் இருட்டுக்குள்ளைதான் சாப்பிட்டனான்."

"கேட்டீரோ?" என்றார் அவர். நான் அவருக்குக் குழம்பு விடுவதை நிறுத்திக்கொண்டேன்.

"ஆனா நான் லுசாக்காவுக்குத்தான் போகப்போறன்."

அவருடைய கை புட்டிலேயே நின்றுவிட்டது. "கரண்ட் இல்லாத ஊருக்கோ? ஏன் பிள்ளை?"

"சந்தையிலை தக்காளி வேண்டப் போனனான், அப்பா. விக்கிற மனிசி தங்கட பாசையிலை என்னவோ கேட்டவா. விளங்கேல்லை எண்டு இங்கிலிசிலை சொன்னன். அவவுக்குக் கோவம் வந்திட்டுது. அங்கை கனகாலமா இருக்கிற இந்தியச் சனத்திலை ஒராள் எண்டு என்னை நினைச்சிட்டா. 'இஞ்சை பிறந்து, எங்கட சோளமாவைத் திண்டு வளந்திட்டு, எங்கட பாசை தெரியாதோ? வெக்கமில்லையோ?' எண்டு முழுச் சந்தைக்கும் கேக்க இங்கிலிசிலையே ஏசினவா."

"நீ நோர்வே எண்டு சொல்லுறதுதானே?" என்றேன் நான்.

"சொல்லேல்லை, அம்மா. சொல்ல மனம் வரேல்லை." தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இஞ்சை பிறந்து வளந்த என்னைப் பாத்து, 'நீ நல்லா நொஸ்க் பாசை கதைக்கிறாய்' எண்டு இண்டைக்கும் பாராட்டுறாங்கள். போன மாதமும் ஒராள் பாராட்டினவர். அங்கை அவ ஏசேக்கை எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்தது தெரியுமோ?"

இந்த நகரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல வீடு, நல்ல வேலை, பல்கனியில் நின்றால் காடு தெரியும். நான் வெளியிலிருந்து வந்தவள், என் மொழியைப் பாராட்டினால் எனக்கு அது பாராட்டுத்தான். அவளுக்கு அது அப்படி இல்லை என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வென்றது என் நாடுதான், ஆனாலும் நிறுத்தி வைத்திருந்த குழம்பை எடுத்து அவருடைய தட்டில் விட்டேன்.

பிறகு அவர் மீன்துண்டு ஒன்றை எடுத்து அவளுடைய தட்டில் வைத்தார்.

"அப்ப போ, பிள்ளை" என்றார். "போய் வடிவா ஏச்சு வாங்கு."