அத்தான் கையில் எந்த வாட்ச்

என் அக்காவுக்கு வாட்ச் என்றாலே எரிச்சல். தையல் கடையில் நாள் முழுக்கக் காஜா எடுத்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் வாட்ச் புராணம் கேட்கத் தெம்பு எங்கே இருக்கும்? அத்தானோ ஹோட்டல் வரவேற்பு மேஜையில் கோட்டு போட்டு நின்றவர். அவரிடம் இரண்டு வாட்ச். தினமும் சாவி கொடுக்க வேண்டியது ஒன்று, கை அசைவிலேயே ஓடும் ஆட்டோமேட்டிக் ஒன்று. எது மெலிசு, எது சட்டைக் கைக்குள் அடங்கும் என்று அவர் ஆரம்பித்தால் நாங்கள் மெல்ல நழுவிவிடுவோம்.

பக்கவாதம் வந்து இடது கை விழுந்த பிறகு, ஆட்டோமேட்டிக்கை அந்தக் கையிலேயே கட்டச் சொன்னார்.

"கை அசைஞ்சா ஓடும், இல்லைன்னா நின்னுடும். டாக்டர் மழுப்புவார், இது மழுப்பாது."

மறுநாள் சாயங்காலமே நின்றுவிட்டது. அத்தான் சாப்பாட்டைத் தொடவில்லை. கைப்பயிற்சியும் வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். மனிதர் மசியவில்லை.

அடுத்த வாரம் நான் போனபோது வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. "தூக்கத்துல கை அசையுது போல," என்றார் குஷியாக. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் காலை, உடம்பு துடைக்கக் கழற்றிய வாட்சைச் சமையலறையில் நின்று அக்கா ஆட்டிக்கொண்டிருந்தாள். கண் பாதி மூடியிருந்தது.

"பைத்தியமாக்கா உனக்கு?"

"ஓடலைன்னா சாப்பிட மாட்டேங்கறாரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

வாட்சைக் கண்டுபிடித்தவனை மனசுக்குள் திட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

கொஞ்ச நாளில் அக்கா ஜுரத்தில் படுத்தாள். வாட்சும் நின்றது. பார்த்துக்கொள்ள நான் வந்திருந்தும், அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"கழட்டுங்க, துடைக்கணும்."

அத்தான் வலது கையால் வாட்சை மூடிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"நீ படுத்தா இதுவும் படுத்துடுது," என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் என்னிடம் அலமாரியிலிருந்த சாவி கொடுக்கும் வாட்சைக் கேட்டார். ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு, அதை அதே இடது கையில் கட்டிவிட்டேன். வலது கை விரலால் அதன் சாவியை அவரே மெதுவாகத் திருகினார்.

"இதுக்கு இந்த ஒரு கை போதும். இனிமே நீ எதையும் ஆட்ட வேண்டாம். போய்ப் படு."

கை இனி வராது என்று அதுவரை அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. அக்கா கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு அங்கேயே, அவர் காலடியில் சுருண்டு தூங்கிப்போனாள்.