வெள்ளிக்கிழமை பிளேட்

எனக்கு வயது எழுபத்தொன்பது. பெற்றது ஐந்து, என் தங்கையின் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். அவசரமும் இல்லை.

கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்த காலம். அங்கே ஓலைக் கொட்டிலில் ஒரு பாலர் பாடசாலை. கஞ்சி காய்ச்சுவதும் கூட்டுவதும் விழுந்த பிள்ளையைத் தூக்குவதும் என் வேலை. ரீச்சர் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்தவர். அதைக் கொட்டிலின் நடுக் கப்புத் தூணில் தொங்கவிட்டிருந்தார்.

மலையகத்திலிருந்து வந்து கச்சான் கடலைத் தோட்டத்தில் கூலி செய்த ஒருத்தியின் மகளும் அங்கே வந்தாள். நாலு வயது. ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்ததில் தாய்க்கும் மகளுக்கும் ஈரலைக் கெடுக்கும் கிருமி இருப்பதாகச் சொன்னார்களாம். அந்தத் தாய் ஒளிக்கத் தெரியாதவள். வந்து ரீச்சரிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த நாளே பிள்ளைக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய். பாயை ஆடு கட்டும் மூலையில் போட்டார்கள். மற்றத் தாய்மார் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கத்தால் போனார்கள், ஏதோ மணம் வருகிற மாதிரி. பிள்ளையைப் பள்ளியால் நிற்பாட்டச் சொல்லி மறு வார வெள்ளிக்கிழமை கூட்டமும் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமைதான் நகம் வெட்டும் நாள். தடையால் பொருள் ஒன்றும் வராத காலம். ஒரு சவர பிளேட்டை இரண்டாக முறித்து, ஒரு பாதியால்தான் அத்தனை பிள்ளைகளுக்கும் ரீச்சர் வெட்டுவார். நெளிகிற பிள்ளைக்குத் தோலும் சேர்ந்து போகும். அந்தச் சின்னவளைக் கடைசியில் விடுவார். கடைசியில் வெட்டினால் மற்றவர்களுக்குத் தொற்றாதாம். பிறகு பிளேட்டைத் துணியில் துடைத்து ஓலைக்குள் செருகுவார், அடுத்த வெள்ளிக்கு.

என் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் நின்றபோது ஒரு தாதி மிஸி எனக்கு விளங்கப்படுத்தியிருந்தார்: இந்த வருத்தம் கோப்பையால் வராது, பாயால் வராது, ரத்தம் ரத்தத்தில் பட்டால்தான் வரும். ஒரு தரம் கேட்டேன், விளங்கியது. சான்றிதழ் தேவைப்படவில்லை.

கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். "ரீச்சர், போன வெள்ளி கடைசியா ஆரின்ர விரலை வெட்டினனீங்கள்?"

"அவளின்ரதான் மாமி. அதுக்கென்ன?"

"இண்டைக்குக் காலமை முதல்ல ஆரின்ர விரல்?"

ரீச்சர் ஓலையில் செருகிய பிளேட்டைப் பார்த்தார். முதல் ஆளாக நகம் வெட்டிய பெடியனின் தாய் அவன் கையை இழுத்துப் பார்த்தாள்.

"கோப்பைக்குப் பயம், பாய்க்குப் பயம். பிளேட்டை மட்டும் பக்குவமா ஓலைக்குள்ள வைச்சிருக்கிறியள். நல்ல மூளை."

"அதுக்குத்தான் அவளை நிப்பாட்டச் சொல்லுறம்," என்றாள் பெடியனின் தாய்.

"உங்கட பிள்ளையளின்ர ரத்தத்தில என்ன கிடக்கெண்டு ஆர் சோதிச்சது? திங்கக்கிழமை அவள் வரேல்லையெண்டால் நானும் வரமாட்டன். விடியக் காலமை ஈர விறகோட கஞ்சி காய்ச்ச ஆள் பாருங்கோ."

விறகு என்றதும் நிற்பாட்டும் பேச்சை விட்டுவிட்டார்கள். பிள்ளை தொடர்ந்து வந்தது இரக்கத்தாலில்லை. ஒருத்திக்கும் புகை குடிக்க விருப்பமில்லை, அவ்வளவுதான்.

வாசலில் நின்ற சின்னவளின் தாய், "திங்கக்கிழமை அனுப்பவாங்கம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓம். நகத்தை வீட்டில வெட்டி அனுப்பு. எல்லாருக்கும் அதுதான் இனி."

பிளேட்டை மலக்குழிக்குள் போட்டேன். முள்ளுக் கிண்டும் ஊசியை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொதிக்க வைத்தேன். முழங்கால் உடைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை வந்தாலும் கையில் பிளாஸ்ரிக் சொப்பிங் பையை மாட்டிக்கொண்டுதான் தொட்டேன். சிந்திய ரத்தத்தில் கிணற்றுக்குத் தந்த குளோரின் தூளைக் கரைத்து ஊற்றினேன். சவர்க்காரத்தில் பாதித் துண்டு இதற்கென்றே ஒளித்து வைத்திருந்தேன். ரீச்சர் பார்த்து, "மாமிக்கு வருத்தப் பயம்" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

இப்போது என் பேத்தியும் பாலர் பாடசாலை ரீச்சர்தான். அங்கே பெட்டி பெட்டியாகக் கையுறை இருக்கிறது. அலுமாரிக்குள், பூட்டி. மேலிடத்து ஆள் வந்தால் திறந்து காட்டுவார்களாம்.

இந்தா பேத்தி, நான் எழுதின இவ்வளவையும் உரக்க வாசி. அலுமாரிக் கதையை விழுங்கிப்போடாதை.