பழைய அட்டை முதலில்

“முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல என் கைக்கு வந்த பொருள் ஒண்ணுகூட வீணாப் போனதில்ல. ஒரு வாஷர்கூட!”

ஆலையின் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாளராயிருந்த ஸ்டாக் சார், தம் ஓய்வு விழாவில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு இப்படி அறிவித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் இன்னொரு முறை அறிவித்தார். முதலில் சொன்னது சத்தத்தில் வீணாகியிருக்கலாம் அல்லவா?

அவருடைய சாஸ்திரத்தில் சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்: முதலில் வந்தது முதலில் போக வேண்டும். பழைய பேரிங் தீராமல் புதிய பெட்டியைப் பிரிக்க மேலாளருக்கே அனுமதி கிடையாது. ஓய்வுக்குப் பின் கிடங்கு கைவிட்டுப் போயிற்று. சூத்திரம் மட்டும் வீட்டோடு வந்து சேர்ந்தது. பழைய சோப்பு நகக்கண் அளவுக்குத் தேய்ந்து மறைந்த பிறகே புதிய சோப்பு பதவியேற்கும். அவர் மனைவி இந்த ஆட்சியைச் சிரித்தே சமாளித்து வந்தார்.

அந்த அம்மாவுக்கு ஒன்பது வருடமாக ரத்த அழுத்தம். தினம் காலையில் ஓர் அடினோலால், ஐம்பது மில்லிகிராம். இந்த முறை பரிசோதனையில், சிறுநீரகம் பாதிக்குமேல் சோர்ந்துவிட்டதென்று கண்ட மருத்துவர் அதை நிறுத்திவிட்டு மெட்டோப்ரோலால் எழுதினார். மருந்துக்கடைப் பெண்ணும், “பழசை விட்டுட்டு நாளைலேர்ந்து இதைப் போடச் சொல்லுங்க சார்” என்று படித்துப் படித்துச் சொன்னாள். ஸ்டாக் சார் தலையாட்டினார். வீட்டு அலமாரியில் நான்கு அட்டை அடினோலால், ஐம்பத்தாறு மாத்திரை, கைபடாமல் இருந்தது. அதற்குமேல் யார் சொல்லி என்ன?

ஆனாலும் மனிதர் நியாயஸ்தர். ஒப்பிட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவர் அல்லர். சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெர்னியர் காலிப்பரால் விட்டம் அளந்தார்.

“இதுவும் வெள்ளை, அதுவும் வெள்ளை. இதுவும் அம்பது, அதுவும் அம்பது. பேருகூட ரெண்டும் ‘லால்’லதான் முடியுது. ஒரே வயித்துப் பிள்ளைங்க.”

“அப்ப டாக்டர் எதுக்குங்க மாத்தினாரு?”

“மருந்துக் கம்பெனிக்காரன் அவருக்கு டைரி குடுத்திருப்பான்.”

“அளவெடுத்து மாட்டுறதுக்கு நான் என்ன உங்க ஆலை மெஷினா?”

“மெஷினா இருந்தா இந்நேரம் வாயில கிரீஸ் வச்சிருப்பேன். பழசு தீரட்டும்மா. அப்புறம் புதுசு.”

காலிப்பருக்குச் சிக்காத வித்தியாசம் ஒன்று இருந்தது. இரண்டுமே இதயத்தை நிதானப்படுத்துபவைதான். ஆனால் மெட்டோப்ரோலாலைக் கல்லீரல் பார்த்துக்கொள்ளும்; அடினோலால் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்தக் கதவோ பாதி சாத்திக் கிடந்தது. நேற்றைய மாத்திரை வெளியேறுவதற்குள் இன்றையது உள்ளே வந்தது. அம்மாவின் உடம்புக்குள் சரக்கு சேர்ந்துகொண்டே போயிற்று. அதற்குப் பொறுப்பாளரிடம் பதிவேடு இல்லை.

இரண்டாம் வாரம் அம்மாவின் கை சில்லிட்டது. காலில் இரும்புக் குண்டு கட்டியதுபோல் இருக்கிறது என்றார். ஸ்டாக் சார் அசரவில்லை. தினமும் கருவியைக் கட்டி அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதினார். மேல் எண்கள் இரண்டும் பிரமாதம். கீழே நாடித்துடிப்பு மட்டும் ஐம்பத்து நான்கு, நாற்பத்தெட்டு, நாற்பத்து மூன்று என்று இறங்கியது.

“பாத்தியா, ஐட்லிங் குறைஞ்சிருக்கு. மெதுவா ஓடுற என்ஜின் தேயாது. நூறு வருஷம் இருப்ப.”

“நூறு வருஷமும் அந்தச் சோப்புச் சில்லோட மல்லுக்கட்டணுமா?” என்று அம்மா சிரித்தார். சிரிப்பின் நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

முப்பத்து நான்காவது மாத்திரை போட்ட அன்று குளியலறையில் விழுந்தார்.

மருத்துவமனையில் நாடி முப்பது. “என்ன மாத்திரை எடுத்துக்கிறாங்க?” என்று அவசரப் பிரிவு மருத்துவர் கேட்டார். ஸ்டாக் சாரின் சட்டைப்பையில் புதிய மருந்துச் சீட்டு இருந்தது. அதை நீட்டியிருந்தால் அவர் மானம் பிழைத்திருக்கும். அவர் பழைய அட்டையை நீட்டினார்.

பக்கத்தில் நின்ற மகள் அதைப் பார்த்தாள். “அப்பா… இதை நிறுத்தச் சொன்னாங்கல்ல?”

“தீரட்டும்னு…” என்று தொடங்கியவர் மருத்துவரிடம் திரும்பினார். “ரெண்டும் அம்பதுதானே டாக்டர்?”

“நம்பர் ஒண்ணுதான் சார். வெளிய போற வழி வேற. இவங்களுக்கு அந்த வழி அடைஞ்சு கிடக்கு.”

ஊசி போட்டார்கள். இதயத்தைத் தூண்டக் கம்பி வைத்தார்கள். ரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். மூன்று நாளும் அவர் கட்டிலருகே, திரையில் ஓடிய பச்சை எண்ணைப் பார்த்தபடியே இருந்தார். எழுதி வைக்க நோட்டுக் கேட்கவில்லை. நான்காம் நாள் காலை திரையை அணைத்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து அலமாரியை ஒழித்த மகள், மெட்டோப்ரோலால் அட்டைகள் மூன்றையும் எடுத்து வந்தாள்.

“பிரிக்கவே இல்லப்பா. கடையில திருப்பி எடுத்துக்குவாங்க. இல்லன்னா வசதியில்லாதவங்க யாருக்காவது டாக்டர்கிட்டயே குடுத்திரலாம்.”

அவர் கை நீட்டி வாங்கினார். வழக்கப்படி தேதியைப் பார்த்தார். காலாவதியாக இன்னும் இரண்டு வருடம் இருந்தது. குப்பைக்கூடையைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டு, முதல் மாத்திரையைப் பிதுக்கி அதில் போட்டார். பிறகு அடுத்தது. முப்பதும் தீர வெகுநேரம் ஆயிற்று.