இரண்டு மைனர்கள்

என் மகளுக்கு அப்போது மூன்றாம் மாதம். இரும்புச்சத்து மாத்திரை தின்றும் ரத்தம் ஏறவில்லை என்று அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு கேட்க நானும் அக்காவும் கூடப் போனோம். மாப்பிள்ளை அக்காவின் மகன்தான். ரத்த சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று நாங்கள் இருவரும் பேசி முடித்த கல்யாணம்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருமே மைனர்" என்றார்.

பதினெட்டு ஆகாத பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் போலீஸ் வரும் என்று சிப்காட்டில் எங்கள் இரும்புக் கம்பி உருட்டும் ஷெட்டில் பேசிக்கொள்வார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் எழுந்தே விட்டேன். "இல்லீங்க மேடம், அவளுக்கு இருவத்திரெண்டு முடிஞ்சிச்சி. ஆதாரு எத்துக்கினு வரட்டா?"

அக்காவுக்கு வேறு கோபம். "எம் புள்ளயா மைனரு? பொம்பளைங்கள நிமிந்து பாக்க மாட்டான். இன்னாம்மா இப்டி சொல்லிட்ட?"

மகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"வயசு இல்லீங்க. பரம்பரையா ரத்தத்துல வர்ற சின்ன குறை. தலசீமியா மைனர்னு பேரு. இவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ரெண்டு மைனருக்குப் பொறக்கற கொழந்தை மேஜரா இருக்க நாலுல ஒரு பங்கு வாய்ப்பு."

"மேஜர்னா நல்லதுதான?" என்றாள் அக்கா.

"ஆயுசு பூரா ரத்தம் ஏத்தணும். மாசாமாசம்."

மகளின் சிரிப்பு அப்படியே நின்றது.

"எங்கேந்து மேடம் வந்துச்சி?" என்றேன்.

"உங்க ரெண்டு பேர் வழியாத்தான் இருக்கும். மலேரியாவுல ஜனங்க செத்த காலத்துல, இந்த ரத்தம் இருந்தவங்க அதிகமா பொழச்சாங்க. அதான் இன்னும் வந்துகிட்டே இருக்கு."

எங்களுக்கும் சோதித்தார்கள். நானும் மைனர், அக்காவும் மைனர். யாரையோ சாகாமல் காப்பாற்றிய ரத்தம், என் மகள் வயிற்றில் இருப்பதை வதைக்குமா?

சென்னையில் வயிற்றில் ஊசி போட்டுக் கருவைச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை அக்காவும் நானும் முகம் பார்த்துப் பேசவில்லை.

ஷெட்டில் கம்பி அடுக்கும்போது அக்காவின் போன் வந்தது. அழுகைதான் முதலில் கேட்டது.

"டேய்... மைனருடா."

"நல்லா கேட்டியாக்கா? மேஜரு இல்லியே?"

"மைனருடா! உன்ன மாதிரியே!"

சூடு ஆறாத கம்பிக் கட்டின் மேலேயே உட்காரப் போனேன். பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.