மண்டபத்தில் இறங்கிக்கொண்டவர்

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றாக இருந்த நாட்களைச் சேர்த்தால் எட்டு மாசம்கூடத் தேறாது. அவர் பட்டாளத்தில் இருந்தார். லீவில் வந்தாலும் ராஜபாளையத்து வீட்டில் எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தாள். புருஷன் இறந்ததும் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள், எனக்கு மதினி. இரண்டே அறை. இந்த அறையில் நான் ஒன்று சொன்னால் அந்த அறையிலிருந்து பதில் வரும்.

தொண்ணூறாம் வருஷம் அவர் லீவுக்கு வருவதாகக் கடிதம் போட்டபோது நான் ஒரு முடிவோடு இருந்தேன். மூன்று நாள், எங்களிருவர் மட்டும், கடலோரம். இருபத்தேழு வயது வரை நான் கடலைப் பார்த்ததில்லை. பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். இரண்டு ஊரிலும் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலைதான்.

வெறும் கடற்கரை எனக்குப் போதவில்லை, தீவாக இருக்க வேண்டும். திருச்செந்தூர், கன்னியாகுமரி என்றால் வீடே கிளம்பிவிடும், மதினி முதல் ஆளாகப் பையோடு வாசலில் நிற்பாள். தீவென்றால் அப்படி யாரும் ஒட்டிக்கொண்டு வர முடியாது என்று ஒரு நினைப்பு.

நான் ஒரு நூல் மில் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் இருந்த டூரிஸ்ட் பஸ் ஆபீஸுக்குப் போய் விசாரித்தேன். அங்கே இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தமானென்றால் மெட்ராஸிலிருந்து கப்பல், போகவே மூன்று நாள் ஆகுமாம். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம். தூத்துக்குடியில் முயல் தீவு இருக்கிறது, ஆனால் அது பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்த் திரும்புகிற இடம், தங்க முடியாது.

"ராமேஸ்வரமும் தீவுதான்மா. இப்பப் பாலம் போட்டாச்சு, பஸ்ஸே போகுது. பேசாம அங்க போயிட்டு வாங்க" என்றார்.

அது எனக்குப் பிடித்துப்போனது. மதுரைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் மதினிக்கு வாந்தி வரும் என்பதும் ஒரு காரணம்.

அவர் ஆனி மாசம் வந்தார். அதற்கு முன் இரண்டு வருஷம் இலங்கையில் இருந்திருந்தார். சமாதானம் காக்க என்று சொல்லி நம் பட்டாளத்தை அங்கே அனுப்பினார்கள். போன இடத்தில் அது சண்டையாகிவிட்டது. அந்த வருஷம் மார்ச்சில் எல்லோரையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வந்தவர் ஆள் பாதியாகியிருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பகலெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தார்.

மூன்றாம் நாள் ராமேஸ்வரம் பேச்சை எடுத்தேன்.

"வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"தீவுக்கெல்லாம் வேண்டாம். கன்னியாகுமரிக்குப் போவோம்."

"கன்னியாகுமரிக்குன்னா உங்க அக்காளும் வருவாக."

"வரட்டும்."

அடுத்த அறையிலிருந்து மதினி குரல் கொடுத்தாள். "ஏட்டி, அவன் வந்து முழுசா மூணு நாள் ஆகலை. அதுக்குள்ள ஊர் சுத்தக் கூப்பிடுதியே. ஒரு புள்ளையப் பெத்துப் போட வழியக் காணும், கடலு கேக்குதோ?"

அவர் அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபமில்லை, வெறுப்பு. ஏன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவர் இரண்டு வருஷம் எங்கே இருந்தார், ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை யோசித்துப் பார்க்க எனக்கும் மனம் வரவில்லை. பிடிவாதம்தான் இருந்தது.

அந்த வாரம் மம்சாபுரத்தில் அவர்கள் வகையில் ஒரு கல்யாணம். பந்தியில் அவருக்கு இடது கைப்பக்கம் உட்கார்ந்தவர் அவருக்கு மாமன் முறை. கரை வேட்டி, கட்சிக்காரர். இலையில் சோறு விழுந்து சாம்பாரும் ஊற்றியாகிவிட்டது. அப்போதுதான் பக்கத்தில் யார் என்று திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

"என்ன மாமா, எந்திரிச்சிட்டீங்க?" என்று பரிமாறியவர் கேட்டார்.

"நம்ம சனத்தையே சுட்டுட்டு வந்திருக்கான். இவன் பக்கத்துல உக்காந்தா எனக்குச் சோறு எறங்காது."

பந்தி முழுக்கக் கேட்டது. எதிர் வரிசையில் மதினியோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது. யாரும் அவரைத் தடுக்கவில்லை, என் வீட்டுக்காரருக்காக ஒருவரும் பேசவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு சாம்பார், ரசம், மோர் என்று எல்லாவற்றையும் முழுசாகச் சாப்பிட்டார். பாயசத்தையும் வழித்துச் சாப்பிட்டார். பிறகு இலையை மடித்துவிட்டுப் போய்க் கை கழுவினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவருக்காகக் கூசியதாகச் சொன்னால் பொய். இவருடைய பெண்டாட்டி என்று எல்லோரும் என்னைப் பார்க்கிறார்களே என்றுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சண்டை வந்தது. மறுபடி நான்தான் ராமேஸ்வரத்தை இழுத்தேன்.

"அந்தத் தீவுப் பேச்சை விடுதியா இல்லையா?" என்று கத்தினார். லீவில் வந்ததிலிருந்து அவர் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

"எதுக்கு விடணும்? பொண்டாட்டிகிட்டச் சத்தம் போடத் தெரியுது. பந்தியில வாயத் தொறக்க முடியலையோ?"

"அங்க நான் என்ன சொல்லணுங்குத?"

"என்னத்தைச் சொல்வீக? எந்திரிச்சுப் போனாரே அந்த மாமா, அவிய செஞ்சதுதான் சரி."

அடுத்த அறையிலிருந்துகூடப் பதில் வரவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி என் அம்மா வீட்டுக்குப் போனேன்.

ஐந்து நாள் அங்கிருந்துதான் மில்லுக்குப் போய் வந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, சோற்றை வைக்கும்போது தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"கிளம்பு. ராமேஸ்வரம் போவோம்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். எதற்காகச் சம்மதித்தார் என்று கேட்காமல் சேலைகளை அடுக்கினேன்.

மதுரையில் பஸ் மாறினோம். ஜன்னலோரம் எனக்கு. ராமநாதபுரம் தாண்டி மண்ணெல்லாம் மணலாகி, பனையும் உடைமரமும் மட்டும் நின்றன. பாலத்துக்கு முன்னால் மண்டபம் என்ற ஊரில் பஸ் நின்றது. அவர் எழுந்து பையை என் மடியில் வைத்தார்.

"நான் இங்க எறங்குதேன். நீ போயிட்டு வா."

"என்ன சொல்லுதீக?"

"நீ கேட்ட கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. அதுக்கு மேல என்னால வர முடியாது. நாளைக்கு மத்தியானம் இங்க நிப்பேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் இறங்கியிருக்கலாம். ஆனால், போனால் போகட்டும், நான் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று உட்கார்ந்தே இருந்தேன். பாலத்தின் மேல் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது அப்படித்தான், பல்லைக் கடித்துக்கொண்டு.

ராமேஸ்வரத்தில் இரண்டு லாட்ஜில் எனக்கு ரூம் தரவில்லை. "தனியா வர்ற லேடீஸுக்குக் குடுக்கிறதில்லைம்மா" என்றார்கள். வீட்டுக்காரர் பின்னால் வருகிறார் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப அவர் வந்ததும் வாங்க." கடைசியில் ஒரு சத்திரத்தில், திதி கொடுக்க வந்திருந்த பெண்களோடு படுக்க இடம் கிடைத்தது. காலையில் கரைக்குப் போனேன். அலையே இல்லை. பெரிய மழைக்குப் பிறகு கண்மாய் நிற்குமே, அப்படிக் கிடந்தது. முங்கியவர்கள் விட்டுப்போன பழைய துணி காலைச் சுற்றியது. இதற்காகவா இத்தனை சண்டை என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

கரையை விட்டு ரோட்டுக்கு வந்தபோது ஒரு லாரி நின்றிருந்தது. அக்கரையிலிருந்து ராத்திரி படகில் வந்து இறங்கியவர்களை அகதி முகாமுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நனைந்த சேலை காயாமல், தையல் மெஷினின் தலையை மட்டும் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களோ?"

என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் பக்கத்தில் இருந்த கிழவருக்குக் கொடுத்தாள்.

"நீங்கள் தனியவோ வந்தனீங்கள்?"

"வீட்டுக்காரர் மண்டபத்துல நிக்காரு."

"அவருக்கு என்ன வேலை?"

சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"மில்லுல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிப் போனாள். அவர் ஏன் பாலத்தைத் தாண்டவில்லை என்று எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. உறைத்ததே தவிர, மனம் இளகிவிடவில்லை. இதை முதலிலேயே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன என்று அவர் மேல் இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

மத்தியானம் மண்டபத்தில் இறங்கினேன். அவரைக் காணவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அடையாளம் சொல்லிக் கேட்டேன்.

"அந்த இந்திக்காரரா? பின்னால பெஞ்சில படுத்திருக்காரும்மா. நேத்திலிருந்து இங்கதான் இருக்காரு. டீ வேணும்னாலும் சைகைதான். நீங்க நல்லாத் தமிழ் பேசுறீங்களே, அவர் வடக்கயா?"

நான் பின்பக்கம் போனேன். அந்த வழியாகத்தான் லாரி லாரியாக முகாமுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கடைக்குத் தண்ணீருக்கும் பன்னுக்கும் வந்து போனார்கள். அவர் பெஞ்சில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

பஸ்ஸில் ராமநாதபுரம் தாண்டிய பிறகு கேட்டேன். "தமிழ் தெரியாத ஆளு மாதிரி ஏன் இருந்தீக?"

அவர் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க ஒரு ரோட்டுல எனக்குக் காவல் டூட்டி. ஒரு கிழவி தினமும் வருவா. மகனைக் காணோம். முதல் நாளு, 'தம்பி, நீ தமிழோ'ன்னு கேட்டா. எனக்குத் தெரியாதுன்னு இந்தியில சொல்லிட்டேன். ஒரு மாசம் வந்தா. அந்த மாசம் பூராவும் எனக்குத் தமிழ் தெரியாது."

"ஏன் அப்படிச் சொன்னீக?"

"தெரியும்னா அவ என்கிட்டத்தான் கேப்பா. நான் என்ன பதில் சொல்ல?"

"பொறவு?"

"பொறவு அவ வரலை."

பந்தியைப் பற்றிச் சொன்னதற்கு அப்போது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மதுரை வரும் வரை நேரம் இருந்தது. கேட்கவில்லை. மில்லில் வேலை என்று நான் சொன்ன பொய்யையும் அவரிடம் சொல்லவில்லை.

லீவு முடிந்து அவர் போன பிறகு வந்த முதல் இன்லன்ட் கடிதம் என் பெயருக்கு வரவில்லை, மதினி பெயருக்கு வந்தது. மதினிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் படித்துக் காட்ட என்னைத் தவிர ஆள் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். சுகம், மழை, மெஸ் சாப்பாடு. கடைசியில் இரண்டு வரி. 'கல்யாணத்தன்று உன் தம்பி பெண்டாட்டி சொன்ன வார்த்தை உனக்கும் கேட்டிருக்கும். என்னால் அதை மறக்க முடியவில்லை அக்கா.'

அதைத் தாண்டிவிட்டு மடித்து வைத்திருக்கலாம். வீம்புக்காகவே சத்தமாகப் படித்தேன்.

மதினி வெங்காயத்தை அரிந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "கேட்டுச்சு" என்றாள். "அந்தப் பந்தியிலயே நான் எந்திரிச்சு அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டிருக்கணும். பயந்துக்கிட்டு உக்காந்திருந்துட்டேன். நீ வீட்டுல வச்சுச் சொல்லிட்ட. ரெண்டு பேருமே அவனுக்கு உதவலை."

அவள் என்னையும் தன்னையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை. கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மில்லுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன்.