அரியூர் நாட்டுக்கு ஒரு சைக்கிளும் ஒரு மருந்துப் புட்டியும்

காலை ஆறு மணிக்கு ராசிபுரத்தை விட்டுக் கிளம்பினேன். சைக்கிளுக்கு நாள் வாடகை எட்டணா. பின் பிரேக்கில் ரப்பர் கட்டை பாதிதான் இருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன். மலை ஏறப் போகிறவனுக்கு பிரேக் எதற்கு என்றார். ஏறுகிறவன் இறங்கவும் வேண்டும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அவர் அதுவும் இல்லை. இருவருக்கும் பேச்சு ஒத்துப்போனது.

கொல்லிமலைக்கு ஏன் போனேன் என்றால், முடி வெட்டும் கடையில் நாலு பேர் முன்னால், மலைமேல் சைக்கிள் ஓட்டிவிட்டு வருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். அதற்கு மேல் உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்கள் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிய காலம் அது. நாமகிரிப்பேட்டை தாண்டிய ஏற்றத்தில் முள்ளுக்குறிச்சி பஸ்ஸை எட்டிப் பிடித்தேன். பயணிகள் பாதிப் பேர் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். டிரைவரிடம், கயிறு இருந்தால் என் கேரியரில் கட்டுங்கள், இழுத்துப் போகிறேன் என்றேன். அவர் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. இறக்கத்தில் அது என்னை முந்தியது, அடுத்த ஏற்றத்தில் நான் அதை முந்தினேன். இப்படியே விளையாடி, கடைசியில் ஒரு புளியமரத்தடியில் அது ஒரேயடியாக நின்றுவிட்டது. டிரைவர் அடுப்பைக் கிளறிப் பார்த்துவிட்டு, இனிமேல் மத்தியானத்துக்குத்தான் என்று துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

எல்லாரும் நிழலில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மட்டும் உட்காரவில்லை. முப்பது வயது இருக்கும். தோளில் கம்பளி, கையில் தலைத்துணியால் சுற்றிய புட்டி ஒன்று. பஸ்ஸை ஒரு பார்வை, சாலையை ஒரு பார்வை பார்த்தபடி நின்றார். என்ன அண்ணா, உள்ளே சரக்கா என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"ஊட்டுக்காரிக்கு மருந்துங்க. முறைக்காய்ச்சல்" என்றார்.

பெயர் வெள்ளையன், கொல்லிமலைமேல் அரியூர் நாட்டுக்காரர். மலைமேல் சேர்ந்தாற்போல் இருக்கும் சில ஊர்களுக்கு நாடு என்று பெயர். மனைவி நல்லம்மாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பொழுது உச்சி திரும்பியதும் குளிர் வந்து தூக்கிப் போடுகிறது. மூன்று கம்பளி போர்த்தினாலும் கட்டில் ஆடுகிறது. போன முறை கண் செருகிப் பேச்சே இல்லாமல் போய்விட்டது. அடுத்த முறை நாளைக்கு. அதற்கு முன்பே, காலையிலேயே மருந்து உள்ளே போய்விட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். இங்கே மத்தியானம்வரை நின்றால் இன்று மலையேற முடியாது.

கேரியரில் உட்காரச் சொன்னேன். அவர் சைக்கிளில் ஏறியதே இல்லை. என் இடுப்பைப் பிடிக்கச் சொன்னால், புட்டியை விடமாட்டேன் என்று ஒரு கையால்தான் பிடித்தார். அந்த ஒரு கை இறுக்கிய இறுக்கில், காலையில் தின்ற சோறு முள்ளுக்குறிச்சிவரை வயிற்றில் இறங்கவில்லை.

அடிவாரத்தில் சைக்கிளை விட்டுவிட்டு அவரோடு நடந்திருக்கலாம். ஆனால் முடி வெட்டும் கடை நினைவுக்கு வந்தது. வெள்ளையனும் மறுப்புச் சொல்லவில்லை. ஒரு மூங்கிலை வெட்டி, சைக்கிளை அதில் தலைகீழாகக் கட்டினார். முன்னால் அவர், பின்னால் நான். காட்டுப்பன்றியைத் தூக்கிப் போவது போல ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். மிளகு மூட்டையோடு இறங்கிவந்த ஒருவர், இது என்ன உருப்படி என்று கேட்டார்.

"கீழ்நாட்டுலெ புடிச்சதுங்க. ரெண்டு காலு உருண்டை" என்றார் வெள்ளையன். அன்றைக்கு அவர் விட்ட முதல் கிண்டல் அது. எனக்கு முதுகு வலி கொஞ்சம் குறைந்தது.

அந்தப் பாதையில் ஒன்றைக் கவனித்தேன். சுமையோடு வருகிறவரைக் கண்டால், வெறுங்கையோடு வருகிறவர் மலைப்பக்கமாக ஒட்டி நின்றுவிடுகிறார். யார் பெரியவர், எந்த ஊர் என்ற விசாரணை கிடையாது. எங்கள் சைக்கிளுக்கும் அப்படியே நின்றார்கள்.

மேலே ஏறியபோது இருட்டிவிட்டது. வெள்ளையனுக்குத் தெரிந்தவர்கள் குடிசையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். எனக்கு இரண்டு கம்பளி கொடுத்தார்கள். மறுநாள் விடிந்ததும் வெள்ளையன் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். இனிமேல் ஊர்வரை மாடு போகிற பாதை, நல்ல அகலம். நடந்தால் அவருக்கு நேரமாகும், சைக்கிள் சீக்கிரம் போய்விடும்.

"நீங்க முன்னால போங்க சாமி. நான் ஓடியாரேன்" என்று புட்டியைத் தலைத்துணியோடு என் மார்பில் கட்டிவிட்டார். முதல் நாள் முழுக்க யாரிடமும் கொடுக்காத புட்டி அது. முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

காற்று ஜில்லென்று அடித்தது. இரண்டு பக்கமும் கேழ்வரகு, பள்ளத்தில் நெல் வயல். மலைமேல் சைக்கிள் ஓட்டிய முதல் ராசிபுரத்தான் நானாகத்தான் இருக்க வேண்டும். வளைந்து இறங்கும் இடத்தில் வேகம் பிடித்தது. முன்னால் மூன்று பெண்கள் தலையில் கூடைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். மணியை அடித்தேன். எங்கள் ஊரில் மணி அடித்தால் கோழிகூடத் தாவி ஓடும். இவர்களோ மணிச் சத்தம் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல், பாதை நடுவிலேயே நிதானமாகக் கூடைகளை இறக்கிவைத்தார்கள். ஒருத்தி ஓரத்தில் குனிந்து ஒரு கைப்பிடி புல்லைப் பறித்தாள்.

பிரேக்கை அழுத்தினேன். பாதி ரப்பர் கட்டை பாதி வேலையைச் செய்தது. மீதி வேலைக்கு வயலில் இறங்குவது தவிர வழியில்லை. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மல்லாந்து சேற்றில் கிடந்தேன். மார்பிலிருந்து கட்டோடு நழுவிய புட்டியை இரண்டு கையாலும் வானத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

புல் பறித்தவள் வரப்பில் வந்து நின்று என்னைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, மாடு எங்கீங்க?" என்றாள்.

அப்புறம்தான் விளங்கியது. அந்தப் பாதையில் மணி கட்டி வருவது பொதிமாடு ஒன்றுதான். மணி கேட்டால், மாடு வந்து சேர இன்னும் நேரம் இருக்கிறது, சுமையை இறக்கி மூச்சு வாங்கலாம் என்று அர்த்தம். வரும் மாட்டுக்கு ஒரு வாய் புல் கொடுத்து அனுப்புவதும் வழக்கம். நான் விலகச் சொல்லி அடித்த மணி, அவர்களை இளைப்பாறச் சொல்லியிருக்கிறது.

நான்தான் அக்கா அந்த மாடு, புல்லைக் கொடுங்கள் என்றேன். மூவரும் சிரித்துவிட்டார்கள். புட்டி யாருக்கு என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. குண்டூர் நாட்டிலிருந்து அரியூர் நாட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். நல்லம்மாவைத் தெரியும். புல் பறித்தவள் தன் கூடையை மற்றவர்களிடம் ஒப்படைத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள், நடந்தாள் என்பதைவிட ஓடினாள் என்பது சரி. ஒவ்வொரு வளைவிலும், "வண்டி வருது, சுமை எறக்காதீங்க, ஓரம் நில்லுங்க" என்று குரல் கொடுத்தாள். அவள் பின்னால் காலைத் தரையில் தேய்த்தபடி உருண்டு போனேன். அந்த வேகத்திலும் வெயில் ஏறுவதற்குள் ஊர் வந்துவிட்டது.

நல்லம்மாவுக்கு முதல் வேளை மருந்தை, எனக்கு வழிகாட்டி வந்தவளே ஊற்றிக் கொடுத்தாள். வேர்க்க விறுவிறுக்க வெள்ளையன் வந்து சேர்ந்து, இரண்டாம் வேளையைக் கொடுத்தார். பிறகு எல்லாரும் வாசலில் உட்கார்ந்தோம். பொழுது உச்சிக்கு வந்தது. உச்சி திரும்பிக் கொஞ்ச நேரத்தில் உள்ளே கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது. வெள்ளையன் மூன்று கம்பளிகளையும் வாரிக்கொண்டு ஓடினார்.

"ஒண்ணு போதுமுங்க" என்றாள் நல்லம்மா.

தெளிவான குரல். மற்ற இரண்டு கம்பளிகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெள்ளையன் அப்படியே கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் தேனும் பலாச்சுளையும் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். நான் அவர்களுக்கு என்ன கொடுத்தேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவர்கள் வயலில் ஒரு ஆள் நீளத்துக்கு நாற்றை நசுக்கியிருந்தேன். அதைப் பற்றி ஒருவரும் பேசவே இல்லை.

ராசிபுரத்தில் முதல் வேலையாக என் காசில் புது ரப்பர் கட்டை போட்டேன். கடைவீதியில் வருகிறேன், பின்னால் ஒரு கார் ஹாரன் அடிக்கிறது. எல்லாரும் சிதறுகிறார்கள். முதுகில் நெல் மூட்டையோடு வந்தவர் சாக்கடையில் காலை வைக்கிறார். எங்கள் ஊரில் வேகமாக வருகிறவனுக்குத்தான் வழி. இத்தனை வருஷம் அது எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை.

சைக்கிளை விட்டு இறங்கினேன். சுவரோரம் ஒட்டி நின்று, அவரைச் சாக்கடையிலிருந்து மேலே ஏறிப் போகச் சொன்னேன். அவர் மூட்டைக்கு அடியிலிருந்து தலையைத் திருப்பி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்ன தம்பி வேணும் உனக்கு?" என்றார்.

ஒன்றும் வேண்டாங்க, போங்க என்றேன்.