உப்பில்லாத சிப்பி

இருட்டிய பிறகுதான் மகன் வீடு திரும்பினான். தெருத்தெருவாகத் தேடி அலைந்துவிட்டு அப்போதுதான் நான் வாசலில் வந்து நின்றிருந்தேன். "ஓடையில கெடந்துச்சும்மா" என்று அவன் நீட்டியது, கல்லாக இறுகிப்போன ஒரு சிப்பி.

எட்டு வயதில் இதே அரியலூர் ஓடையில் நானும் அப்படி ஒன்றைக் கண்டெடுத்தேன். கடற்கரையில் குண்டு விழும் என்ற யுத்த பயத்தில் தரங்கம்பாடியை விட்டு அம்மாவும் நானும் இங்கே மாமா வீட்டுக்கு வந்திருந்த காலம் அது. அங்கே கடலைப் பார்த்த முதல் வீடு எங்களுடையது. அந்தத் தெருவில் முதலில் குடியேறியவர்கள் அப்பாவின் முன்னோர்கள்தான். சுவரெல்லாம் உப்புப் பூத்திருக்கும். நான் நக்கிப் பார்ப்பேன். "வூட்டையே தின்னுடுவா போலிருக்கே" என்று அப்பா சிரிப்பார். அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வர மனமில்லாமல் அவர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். மாதங்கள் போயும் அவரிடமிருந்து சேதி இல்லை.

சிப்பியோடு நான் ஓடி வந்தபோது விளக்கேற்றி வெகுநேரமாகியிருந்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, ஸ்டேஷனிலிருந்து வரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கடல் இங்கயும் வந்துருக்கும்மா. அப்பாவும் வந்துடுவாரு."

அவள் சிப்பியை வாங்கி, முந்தானையில் துடைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பே இல்லடி."

திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி தெருவைப் பார்த்தாள். அப்பா கடைசிவரை வரவில்லை.

இன்று மகனைப் பிடித்து நிறுத்தித் திட்டினேன். எங்கே போனாய், யாரோடு போனாய், இருட்டியது தெரியவில்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது. அன்று அம்மா என்னிடம் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.